இரண்டு வாளி மருந்தும் ஒரு புற்றும்

போன வாரம் கடையில் காளான் வாங்கி வந்தேன். நீலப் பிளாஸ்டிக் டப்பா, மேலே இழுத்துக் கட்டிய கண்ணாடித் தாள், உள்ளே பன்னிரண்டோ பதின்மூன்றோ வெள்ளைக் காளான்கள். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே உயரம், ஒரே சீருடை. தாளைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமே இல்லை. ஃபிரிட்ஜின் வாசனைகூட இல்லை.

"மோந்து பாக்குறதுக்கு அதென்ன நெலக்கோட்டை மல்லிங்களா? குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டாள் சகாயமேரி, என் மனைவி.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் திண்டுக்கல்லில் குடியிருந்தும் தொப்பம்பட்டிப் பக்கத்து 'ங்க' அவளை விட்டுப் போகவில்லை. திட்டுவதானாலும் மரியாதையாகத்தான் திட்டுவாள். அதில் எனக்கு ஒரு வசதி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவள் என்னைப் பாராட்டிக்கொண்டிருப்பது போலவே கேட்கும்.

காளானுக்கென்று ஒரு வாசம் உண்டு. அதை என் மூக்கு அறிந்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு என் மனைவியையும் அவள் வயிற்றிலிருந்த நாலு மாதப் பிள்ளையையும் நானே கொன்றுவிட்டதாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் பதற வேண்டாம். பதறுவதெல்லாம் என் இலாகா.

அப்போது எங்களுக்கு வத்தலக்குண்டு ரோட்டோரம் ஒரு வாடகை வீடு. ஊர் அங்கே முடிந்து மானாவாரிக் காடு தொடங்கும். சோளம் விதைத்தால் சோளம், இல்லையென்றால் வெறும் கரடு. நான் ஒரு பள்ளியில் உயிரியல் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உணவுச் சங்கிலி, மட்கச் செய்யும் உயிரிகள், மண்ணிலிருந்து செடி, செடியிலிருந்து ஆடு, ஆட்டிலிருந்து நாம், நம்மிலிருந்து மறுபடி மண் என்று கரும்பலகையில் வட்டம் போடுவேன். என் வட்டம் நல்ல வட்டம். காம்பஸ் வைக்காமலே போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டின் பின்னால், முள்வேலி ஓரத்தில், என் இடுப்பளவுக்கு ஒரு கரையான் புற்று. செம்மண் நிறம். கோபுரத்தை வெயிலில் உருகவிட்டது போல ஏழெட்டு முனைகளோடு நிற்கும். வீட்டுக்காரர் மனைவி ராக்கம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து மஞ்சள் தெளித்துப் பூ வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக்குள் மாதா படம், கொல்லையில் புற்றுச்சாமி. இரண்டு பேருக்கும் நடுவே எந்தத் தகராறும் இல்லை. தகராறு எனக்கும் புற்றுக்கும்தான்.

காரணம் என் பி.எட். சான்றிதழ். தகரப் பெட்டிக்கு அடியில் அட்டை உறையில் வைத்திருந்தேன். ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் ஓரம் முழுக்க மண் அப்பியிருக்கிறது. தட்டினால் என் பெயரில் பாதி உதிர்ந்தது. என் தகுதியில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதைத் தலைமையாசிரியரிடம் போய் எப்படிச் சொல்வது? அதுவரை புற்றுக்குள் பாம்பு இருக்கும் என்று மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது வேலைக்கும் பயம் வந்துவிட்டது.

இடிக்க முடியாது, ராக்கம்மாள் விடமாட்டார். சகாயமேரியிடம் சொன்னேன். "அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க. பெட்டிய ஒசத்தி வைங்க" என்றாள். உலகத்தில் மிக எளிய யோசனை. எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் உரக்கடையில் கரையான் மருந்து வாங்கினேன். "வெள்ளாமைக்குங்களா சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று பொய் சொன்னேன். "ஊத்திட்டுக் கைய நல்லாக் கழுவிருங்க" என்றார். ராக்கம்மாள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளி கலக்கி, புற்றின் கண்களில் எல்லாம் ஊற்றினேன். குடித்துக்கொண்டே இருந்தது. அத்தனையும் எங்கே போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து மூன்று முறை குளித்தேன்.

ஐப்பசி பிறந்தது. சகாயமேரி திரும்பி வந்தாள். ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்து விட்டது. விட்ட கையோடு நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். நான் திண்டுக்கல் டவுனுக்குள் சந்து வீட்டில் வளர்ந்தவன். எனக்கு மழை என்றால் சாக்கடை நிரம்புவது. இங்கே மண் வாய் திறந்தது. வேலிக்கு அப்பால், வரப்பில், பாதையில், கட்டைவிரல் நுழையாத ஓட்டைகளிலிருந்து ஈசல் புகை மாதிரி எழும்பியது. மஞ்சள் வெயிலில் அத்தனை இறகும் மின்னியது. காக்கை, மைனா, கரிச்சான் எல்லாம் அந்தரத்திலேயே பந்தி நடத்தின. தவளைகள் வாயை மூட நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தன. ஓணான் ஒன்று வேலிக்காலில் இருந்தபடி, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பி, ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய மனுஷனைப் போலச் சாப்பிட்டது. பூமிக்குள் இவ்வளவு உயிர் இருந்ததா, நேற்று இதன் மேல்தானே செருப்போடு நடந்தேன் என்று வாயைப் பிளந்து நின்றேன். வாய்க்குள்ளும் இரண்டு போனது.

ராக்கம்மாள் விளக்குக்கு அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஈசல் பிடித்து, காயவைத்து வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து மறுநாள் கொண்டுவந்தார்.

"பூச்சியா?" என்றேன்.

"ஏலே வாத்தியாரே, எறா மட்டும் என்ன, மரத்துலயா காய்க்குது?"

நியாயம்தான். இறாலுக்குப் பத்துக் கால், ஈசலுக்கு ஆறு. நாலு கால் குறைந்ததற்கு இம்புட்டு அருவருப்பா? தின்றேன். நெய்யில் வறுத்த ஏதோ ஒன்றைப் போல இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஊரெல்லாம் மண் திறந்தபோது எங்கள் புற்றிலிருந்து ஒற்றை ஈசல் கிளம்பவில்லை. மருந்து நல்ல மருந்து என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து இடியோடு ஒரு மழை. மறுநாள் பள்ளிவிட்டு மொபெட்டில் வந்து இறங்குகிறேன், வாசலிலேயே அந்த வாசம். புதுமண்ணும் வறுத்த முந்திரியும் மிளகும் சேர்ந்து கொதித்தால் எப்படி இருக்கும், அப்படி. கறிக்குழம்பு என்று நினைத்து வேகமாக உள்ளே போனேன்.

"காளானுங்க. மத்தியானமே எனக்குப் பசி தாங்கல, சாப்புட்டுட்டேன். உக்காருங்க, போடுறேன்."

"காளானா? எங்க வாங்குன?"

"வாங்குறதா? பின்னால, புத்துலதானுங்க பறிச்சேன்."

என் கையில் இருந்த சாவிக்கொத்து விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"எம்புட்டு சாப்ட?"

"ரெண்டு கிண்ணம் இருக்கும். ஏனுங்க?"

"வயிறு வலிக்குதா?"

"பசிக்குதுங்க."

டார்ச்சை எடுத்துவந்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாது; ஆனாலும் பார்த்தேன். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்று நாற்பது வந்தது. பதறிப்போய் மறுபடி எண்ணியபோதுதான் தெரிந்தது, என் கட்டைவிரலில் துடித்த என் நாடியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர் கலக்கினேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் மருந்து ஊற்றியது தெரிந்துவிடுமே என்கிற பயம், அவள் செத்துவிடுவாள் என்கிற பயத்தோடு முண்டியடித்துக்கொண்டு நின்றது. எப்பேர்ப்பட்ட கோழை பாருங்கள்.

"காளான்ல விஷக்காளான் உண்டு. பாடத்துலயே இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

சகாயமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே இதைச் சப்பிக் குடுத்திருக்காங்க. இப்ப பாருங்க" என்று சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி என் கண்ணெதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கரண்டிக்குக் கை போனது.

சட்டியைப் பறித்தேன். "வேணாம் புள்ள! அந்தப் புத்துல நான் மருந்து ஊத்திட்டேன்!"

கரண்டி அப்படியே நின்றது.

"எப்பங்க?"

"நீ ஊருக்குப் போயிருந்தப்ப."

"எத்தன?"

"ரெண்டு வாளி."

அவள் திட்டவில்லை. மரியாதையாகக்கூடத் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போனாள்.

"இது உங்க புத்து. தொட்டுப் பாருங்க. இத்தன மழைக்கு ஒரு எடத்துலயாவது புது மண்ணு வச்சிருக்குதுங்களா? இது செத்து நாளாச்சு. ஏன் செத்துச்சுன்னு எனக்குத்தான் புரியாம இருந்துச்சு." பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் கைகாட்டினாள். "நான் பறிச்சது அக்கட்டால. அந்தக் கரட்டுல, மண்ணுக்குள்ள இருக்கற புத்துல."

இரண்டு பேரும் வேலியில் குனிந்து நுழைந்து போனோம். ஒரு ஏக்கர் அகலத்துக்கு அப்பால், காலில் இடித்தால் நகம் பெயர்கிற தரையைப் பிளந்துகொண்டு, அவள் பறித்தது போக மிச்சம் நின்றது. வெள்ளைக் குடைகள். உச்சியில் மட்டும் பழுப்பாக ஒரு கூர்முனை. விரலால் நசுங்குகிற அந்தச் சதை, கடப்பாரை இறங்காத மண்ணை எப்படித் திறந்தது? சகாயமேரி ஒன்றைச் சுற்றி மண்ணை ஒதுக்கி மெதுவாக இழுத்தாள். தண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கயிறு போல வந்து, அடியில் எங்கோ அறுந்தது.

"கீழ அதுங்க கூடு வரைக்கும் போகுதுங்க இது. காஞ்ச சருகெல்லாம் இழுத்துட்டுப் போயி அதுங்க பண்ற வெள்ளாம. தின்னது போக மிச்சம் நமக்கு. வெள்ளாம பண்ற பண்ணாடியே செத்துட்டா வெள்ளாம எங்கிருந்துங்க வரும்?"

பிற்பாடு புத்தகம் தேடிப் படித்தபோது அவள் சொன்னதற்கு மேல் அதிகம் இல்லை. இருட்டுக்குள், கண்ணில்லாத வேலைக்காரர்கள், சருகை மென்று தேனடை போலப் பாத்தி கட்டி, அதில் பூஞ்சை வளர்த்து, சூடும் ஈரமும் மாறாமல் காற்றுக்கு வழிவிட்டு, மனுஷன் ஏர் கட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே விவசாயம் செய்துவருகிறார்கள். என் கரும்பலகை வட்டம் என் கொல்லையிலேயே சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. அதில்தான் வாளியைக் கவிழ்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். அப்போது எனக்கு வந்தது அடுத்த சந்தேகம். மருந்து மண்ணுக்கு அடியிலேயே ஊறி அந்தப் பக்கம் போயிருந்தால்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். அவள் சேலை மாற்றுகிற நேரத்தில் சமையலறைக்குள் போய், சட்டியிலிருந்ததை நான் தின்றேன். அவளுக்கு ஒன்று ஆனால் எனக்கும் ஆகட்டும் என்றுதான். முதல் கரண்டி தியாகம். இரண்டாவது கரண்டி ருசி. மூன்றாவதில் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ராக்கம்மாள் மறித்தார். "செத்த நேரம் நில்லு வாத்தியாரே. புள்ளத்தாச்சி நல்லாத்தான இருக்கா, நீதான வேர்த்து ஊத்துற? யாருக்கு வைத்தியம்?"

"அவருக்குத்தானுங்க அக்கா" என்றாள் சகாயமேரி. வண்டியில் ஏறியதும் என் காதருகே, "மெதுவா ஓட்டுங்க. மருந்துல பொழைச்சு வண்டியில சாகவேண்டாம்."

டாக்டரம்மா அவளைப் பரிசோதித்தார், வயிற்றில் கருவி வைத்துக் கேட்டார், நன்றாக இருட்டும்வரை உட்காரவைத்துப் பார்த்தார். "அம்மாவும் நல்லா இருக்காங்க, குழந்தையும் நல்லா இருக்கு. கூட வந்தவருக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கு" என்றார். நான் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து, இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

ராக்கம்மாளிடம் சகாயமேரி கடைசிவரை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தண்டனை. வெள்ளிதோறும் அவர் அந்தச் செத்த புற்றுக்கு மஞ்சள் தெளிப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். "சாமி என்னமோ கோவிச்சுக்கிருச்சு, மண்ணு கரையுது" என்பார். நான் செய்தித்தாளில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

உயிரோடிருந்த புற்று எத்தனை மழைக்கும் கரையாது; இடிந்த இடத்தை விடிவதற்குள் பூசிவிடுவார்கள் உள்ளே இருப்பவர்கள். பூச ஆளில்லாத புற்று ஒவ்வொரு மழைக்கும் ஒரு விரற்கடை இறங்கியது. முனைகள் மழுங்கின. கோபுரம் குன்றாகி, குன்று மேடாகியது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் கரட்டிலும் கல் ஊன்றி மனை பிரித்தார்கள்; மறு வருஷமே அங்கே சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. இடி மழை பெய்த மறுநாள் சகாயமேரி காலையிலேயே அந்தப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவாள். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்காருவாள்.

பங்குனியில் மகள் பிறந்தாள். மறு வருஷம் முதன்முதலாக எழுந்து நின்றபோது அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் புற்றின் மிச்சத்தைத்தான்; அப்போது அது சரியாக அவள் நெஞ்சளவு இருந்தது. அவள் கொல்லையில் ஓட ஆரம்பித்தபோது, தடுக்கி விழக்கூட அங்கே ஒன்றும் இல்லை.