ராணிக்காக விட்ட கறி

"...ஆத்தாகிட்ட நான் வேண்டுனது அந்த மொகத்துக்காக. இவ யாரோ, எவளோ. ஒருத்தியக் கூட்டியாந்து நிப்பாட்டி இவதான் ராணின்னா, நான் நம்பிருவேனா தம்பி?"

என் மதினி ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தியிருந்தார். புது ராணி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாயைத் திறந்தபடி திரையில் அப்படியே நின்றாள். எங்கள் மூவர் தட்டிலும் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அடுப்படியில் அண்ணன் வைத்த கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தமிழில் டப்பிங் செய்து வரும் இந்த வெளிநாட்டுத் தொடரின் போன சீசன் கடைசிப் பாகத்தில், பறக்கும் சிங்கத்தின் முதுகிலிருந்து அந்த ராணி மலைப்பள்ளத்தில் விழுந்தாள். அத்தோடு கதையை நிறுத்திவிட்டார்கள். தொடரை எடுத்தவர்களை நான் திட்டினேன். மதினி வீரபாண்டி அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆத்தா, இந்தப் பிள்ளை உசுரோட திரும்பி வார வரைக்கும் நான் கறி தொடமாட்டேன்."

"நாடகக்காரிக்கா மதினி வேண்டுதல்?"

"நான் அழுதது நெசந்தான?"

ஆறு மாதத்தில் அடுத்த சீசன் வந்துவிடும் என்று தேற்றினேன். எங்கள் தோட்டத்துத் திராட்சை ஐந்து தடவை காய்த்து அறுவடையாகிப் போனது; அந்தச் சீசன் மட்டும் காய்க்கவில்லை. உத்தமபாளையத்தில் ஒரு காதுகுத்து. கிடா வெட்டி ஊரே சாப்பிட, மதினி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து இலையில் இருந்த சொந்தக்காரம்மா கேட்டார்கள், யாருக்காக விரதமென்று.

"ஒரு பொம்பளப் பிள்ளைக்காகத்தான். மலையில இருந்து விழுந்திருச்சு."

"அய்யோ பாவம், எந்த ஊருப் பிள்ளைத்தா?"

"மலைக்கு அங்கிட்டு."

அந்தம்மா கேரளத்துப் பிள்ளை என்று நினைத்து, அவர்களும் இருந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்படிக் காத்திருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை இது. அண்ணன் விடியுமுன்னே போய்க் கறி எடுத்து வந்துவிட்டார். ராணி பிழைப்பாள் என்பதில் எங்களையெல்லாம் விட அவருக்குத்தான் நம்பிக்கை.

முதல் பத்து நிமிடம் பழைய கதையையே திருப்பி ஓட்டினார்கள். அப்புறம் ஒரு மந்திரவாதி இருட்டுக்குள் நின்று பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். கோடி கோடியாகக் கொட்டி எடுத்தார்களாம். ஒரு பல்பு வாங்கத் தோன்றவில்லை. காலை எட்டு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுத்தான் அவன் மூக்கையே கண்டுபிடித்தோம். பிறகு சிங்கம் வந்தது. போன சீசனில் யானை கணக்காக இருந்தது, இப்போது கோம்பை நாய்க்கு றெக்கை வைத்த மாதிரி இளைத்திருந்தது. கோம்பை நாயாவது தெரியாதவன் வந்தால் குரைக்கும். இது முகம் மாறிய ராணியைப் பார்த்து வாலை ஆட்டியது.

"சிங்கமும்தான் மாறிருச்சு மதினி. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சிங்கத்துக்காகவா நான் கறிய விட்டேன்?"

"கதையில அவ பொழச்சு வந்துட்டா. வேண்டுதல் முடிஞ்சதுன்னுதான் அர்த்தம்."

"கறிக்கு ஆசப்பட்டு நீங்க பேசுறீக. நாளைக்கு ஆத்தா முன்னால நான்ல போயி நிக்கணும்?"

இரண்டு வருடமாக அவர் விட்டது சும்மா இல்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சாமல் எழுந்திரிக்காத மனுஷி. அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், எச்சிலை விழுங்கினார், ரிமோட்டை அமுக்கினார். ராணி பேச ஆரம்பித்தாள்.

அண்ணன் கரண்டியோடு ஓடிவந்தார். "அந்தா வந்துருச்சுல்ல உன் பிள்ளை! நான் சொல்லல?"

"மொகத்தப் பாத்தீகளா?"

"மொகத்த நான் என்னைக்குப் பாத்தேன்? அடுப்படியில நின்னு கேக்குறதுதான். அன்னைக்குக் கத்திக்கிட்டே விழுந்துச்சே, அதே கொரலு."

நானும் காதைத் தீட்டினேன். நடிகையைத்தான் மாற்றியிருந்தார்கள். தமிழில் குரல் கொடுத்தவள் பழையவளேதான். அந்த லேசான கரகரப்புகூட அப்படியே இருந்தது.

மதினி காட்சியைப் பின்னால் ஓட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ராணி பேசியதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். பிறகு, கண்ணைத் திறக்காமலே அண்ணன் பக்கம் தட்டை நீட்டினார்.