காற்று மோட்டாருக்கு ஒரு நாள் லீவு

ஷாலின் படித்தது கடல் உயிரியல். வேலை கிடைத்தது ஒரகடத்தில், கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பின்புறம் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியில்.

நேர்முகத் தேர்வில் மேலாளர் நாகப்பனிடம் இரண்டும் ஒன்றுதான் என்று அவள் விளக்கினாள். கடலின் மேல்மட்டத்தில் செத்த பாசியும் மீன் எச்சமும் தூளாகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துகளிலும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். குடியிருக்கும் வீட்டையே தின்றுகொண்டு, வீட்டோடு கீழே போவதுதான் அவற்றின் வாழ்க்கை. இங்கே அதே நுண்ணுயிர்கள் கேன்டீன் சாம்பாரையும் கழிவறை நீரையும் தின்று, பழுப்புத் துகளாகத் திரண்டு, தொட்டியின் அடியில் இறங்குகின்றன. மேலே நிற்கும் தெளிந்த நீர் புல்தரைக்குப் போகிறது. நாகப்பனுக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இந்தப் பெண் மூக்கைப் பொத்த மாட்டாள். வேலை கொடுத்துவிட்டார்.

படப்பையில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "பொண்ணு கப்பல்ல வேலையா?" என்று யாராவது கேட்பார்கள். அவள் அப்பா பெயர் டென்னிஸ், கம்பெனி பஸ் ஓட்டுபவர். "தண்ணி சம்பந்தப்பட்டது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிடுவார்.

உண்மையில் ஷாலின் கடலில் கால் நனைத்ததோடு சரி. படிப்பு முடிந்து பல வருடம் கழித்துத்தான் அழைப்பு வந்தது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் ஓர் இடம் காலி. ஆழத்துக்கு இறங்கும் துகள்களைக் குடுவைகளில் சேகரிக்கும் வேலை. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் பயணம். நாகப்பன் விடுப்பும் கொடுத்திருந்தார்.

பூஜையன்று தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், ஓய்வு. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரை மட்டும் எந்த வருடமும் யாரும் கண்டுகொண்டதில்லை. அதன் இரைச்சலில்தான் நுண்ணுயிர்கள் மூச்சுவிடுகின்றன. துப்புரவுப் பிரிவை மேற்பார்க்கும் கோவிந்தம்மாவுக்கு அந்தப் பாரபட்சம் பொறுக்கவில்லை. பொட்டு வைத்தாள், மாலை போட்டாள், சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விடுமுறை முடிந்து திரும்பியபோது நாற்றம் கேட்டிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றது.

"மோட்டாரை யாரு அக்கா நிறுத்தினது?" என்று ஷாலின் கேட்டாள்.

"நாந்தான் மேடம். லேத்துக்கு லீவு, லாரிக்கு லீவு. இது மட்டும் வருஷம் பூரா ஓடிக்கினே கீது. இது இன்னா பாவம் பண்ணிச்சு?"

"உள்ள இருந்ததெல்லாம் மூச்சு முட்டி செத்துப்போச்சுக்கா."

கோவிந்தம்மா எட்டிப் பார்த்தாள். "எது? ஒண்ணியும் காணோமே."

"கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதது செத்ததுக்கா இந்த நாத்தம்?"

நாகப்பன் வந்தார். தொட்டி நீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கலங்கல் கலங்கலாகவே நின்றது, எதுவும் இறங்கவில்லை. மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவருடைய புல்தரைக்குத் தண்ணீர் வேண்டும்.

"இது கீழ உக்கார்ற வரைக்கும் நீங்க கப்பல்ல உக்கார முடியாதும்மா" என்றார்.

ஷாலின் நேரே போய் மோட்டாரைப் போட்டாள். கோவிந்தம்மா தன் பங்குக்குப் பூஜையில் மிஞ்சிய பொரியை, செத்தவற்றுக்குப் படைப்பதா பிழைத்தவற்றுக்கு ஊட்டுவதா என்று தெரியாமல், தொட்டியில் கொட்டினாள். அது மொத்தமும் மிதந்தது.

"அக்கா, நான் கலங்கல் மூழ்கறதுக்கு வழி தேடிட்டிருக்கேன்."

"அப்ப இன்னாதான் போடறது?"

"பசுஞ்சாணி. அதுல நமக்கு வேண்டியது உயிரோட இருக்கும். கூட வெல்லத்தண்ணி."

மறுநாள் காலை மணிமங்கலத்திலிருந்து மொபெட்டில் இரண்டு வாளிச் சாணியோடு கோவிந்தம்மா வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி டில்லிபாபு மறித்தார்.

"இன்னா சரக்கு இது? இன்னான்னு எழுதறது?"

"பாக்டீரியான்னு எழுதுங்க" என்றாள் ஷாலின்.

"உயிரோட கீதா?"

"கோடிக்கணக்குல."

டில்லிபாபு யோசித்தார். "ஆளுக்கொரு விசிட்டர் பாஸ் போடணுமே மேடம்."

"யோவ், கையில ஒட்டிக்கினு வர்றதுக்கும் சேத்து போடு" என்று கோவிந்தம்மா வண்டியை உள்ளே விட்டாள்.

அதன்பின் தினமும் ஜாடி நிரப்பப்பட்டது. தினமும் கலங்கலாகவே நின்றது. கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் ஷாலினோடு நாகப்பன், கோவிந்தம்மா, சாப்பாட்டு இடைவேளையில் வந்த டில்லிபாபு மூவரும் ஜாடியைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பழுப்புப் பொட்டு இன்னொன்றோடு ஒட்டியது. இரண்டும் மூன்றாவதைச் சேர்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கின.

"எறங்குது பாரு" என்றாள் கோவிந்தம்மா, தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல.

மேலே ஒரு விரல் அளவுக்கு நீர் தெளிந்தது. நாகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "சரி. போயிட்டு வாங்க."

துறைமுகம் கண்ணிலிருந்து மறைந்ததும் ஷாலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அம்மா கட்டிக்கொடுத்த இட்லி, நுண்ணுயிர்கள் ஏறிக்கொள்ள, ஆழத்துக்குப் பயணமாகியிருக்கும். வங்காள விரிகுடாவுக்கு அவளுடைய முதல் பங்களிப்பு அது. ஆழத்திலிருந்து மேலே வந்த முதல் குடுவையை நுண்நோக்கியில் பார்க்கும்போதும் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் அங்கிருந்து நகரவில்லை. துகளில் அவை உயிரோடு இருந்தன.

திரும்பி வந்ததும் கோவிந்தம்மா கேட்டாள்.

"பாத்தியா கண்ணு? நம்மளுது மாதிரியே கீதா?"

"ஏறக்குறைய."

"அங்க காத்து யாரு ஊதறது?"

"அலைதான்க்கா."

"நல்லவேளை. அதுக்கு சுவிட்ச் இல்ல."

அடுத்த ஆயுத பூஜைக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்கே அவள் பொட்டு வைத்தாள். கோணலாகத்தான் விழுந்தது.