விலை போகாத செண்டுடுக்

பூச்சோங் செடிச் சந்தையில காலையிலேர்ந்து நின்னு காலு ரெண்டும் போச்சு.

நான் கொண்டுபோனது இந்த ஊரு மண்ணுலயே தானா வளர்ற செண்டுடுக் செடி, ஊதாப் பூ பூக்கும். வந்தவங்க எல்லாரும் கேட்டது கறிவேப்பிலைக் கன்னு.

ஒரு ஆன்டி மட்டும் நின்னு பார்த்தாங்க.

"இது எங்க வீட்டுப் பின்னால நிறைய இருந்துச்சு. போன வாரம்தான் ஆள் வச்சு வெட்டினேன்."

"ஏன் ஆன்டி? அதோட ஊதாப் பழத்துக்கு எவ்ளோ குருவி வரும்."

"அதான் லா வெட்டினேன். குருவி எச்சம் பட்டு, காயப்போட்ட துணியெல்லாம் ஊதாக் கறை."



வீட்டுக்கு வந்து பார்த்தா, கொடியில கிடந்த என் வெள்ளைச் சட்டை தோள்லயும் ஊதாக் கறை.

இருபது செடியும் அப்படியே திரும்பி வந்துருச்சு. வேணும்னா சொல்லுங்க. துணிய வீட்டுக்குள்ள காயப்போடுறவங்களுக்குத்தான் முதல்ல.