மேரிக்குத் துணையாகத் தட்டெழுத்துப் பள்ளிக்குப் போனேன்

தோழிகளே, பீடோங் டவுனில் இருக்கும் தட்டெழுத்துப் பள்ளி எப்படி என்று, நம் வீடுகளைச் சுற்றி வரும் இந்த நோட்டில் போன வாரம் கேட்டிருந்தீர்கள். இன்று போய்ப் பார்த்தேன். சேர்வதற்கு அல்ல, நம் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் மகள் மேரிக்குத் துணையாக.

எட்டு மெஷின்கள் இருக்கின்றன. எட்டும் நன்றாக ஓடுகின்றன. குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வகுப்பு மாலை ஆறு மணி வரை என்றார் டீச்சர். இனி மேரியாலும் சேர முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காக வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதிலிருந்து நம் தோட்டத்து முள்வேலிக் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிறார்களே! அந்தக் கேட்டை எனக்குப் பிடித்தது இன்றுதான்.

மேரி விடவில்லை. "ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட்டைச் சாத்திருவாங்க டீச்சர்."

"அப்ப அஞ்சுக்கே கிளம்பு லா. தோட்டத்துப் பிள்ளைங்கள முன்னாடியே விட்டுருவேன். போன தடவ படிச்சவ இப்ப வக்கீல் ஆபீஸ்ல இருக்கா" என்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீயும் சேர்றியாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் மேரி சொன்னாள்: "இல்ல டீச்சர், இவ ஆறாம் வகுப்போட நின்னுட்டா. சும்மா துணைக்கு வந்தா."

சேர்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில், "பள்ளி எப்படிடி?" என்றாள்.

"ஏதோ, பரவால்ல லா" என்றேன்.

அது பொய். நல்ல பள்ளி. முடிந்தவர்கள் சேருங்கள்.

மேரி, இந்த நோட்டு நாளை உன் வீட்டுக்கும் வரும். கோபம் வந்தால் கீழே பதில் எழுது. கையாலேயே எழுது, தட்டெழுதி ஒட்டாதே.