சுவருக்கு மேலே வந்த வெளிச்சம்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், என் மனைவியின் பெற்றோர் முன்பு இருந்த லயக் காம்பராவுக்கு நாங்கள் குடிபோனபோது, நண்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே மண்மேடு. முழங்கால் தேய்ந்து கொழுந்து பறிப்பதை விட்ட மனைவி, பள்ளிச் சீருடை தைத்துச் சம்பாதித்தார். வெள்ளைத் துணி, வெள்ளை நூல். விளக்கடியில் தைத்தால் மாலைக்குள் கண்ணிலிருந்து நீர் வடியும். பத்திரிகைக்கு எழுதும் என் வேலையை நான் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். வெளிச்சம் அவருக்குத்தான் வேண்டும்.

வேலைக்கு ஆள் வைக்கவில்லை. சுவருக்கு நாங்களே சுண்ணாம்பு அடித்தோம். புகை குழாய் வழியே வெளியேறும்படி பழைய செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடுப்புக் கட்டினோம். மலையில் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளே அதற்குப் போதும். கடைசியாக, பெரகலையில் ஒரு கடைக்காரர் தன் கடை முகப்பிலிருந்து கழற்றிப் போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகட்டைக் கேட்டு வாங்கிவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தையல் மெஷினுக்கு மேலே இருந்த கூரைத் தகரத்தை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினேன். காலை வெயில் துணிமேல் விழுந்தது. மனைவி முதல் முயற்சியிலேயே ஊசியில் நூல் கோத்தார்.

மறுநாள் காலை பக்கத்துக் காம்பராவிலிருந்து குரல் வந்தது. "தம்பி, சூரியன வாங்கிட்டு வந்து என் மூஞ்சில மாட்டிட்டீங்களா?"

லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாக வெயில் சாய்வாகப் போய் அவருடைய கட்டிலில் விழுந்தது. அவர் தேயிலை பேக்டரியில் இரவு வேலை பார்ப்பவர். பகலில்தான் தூங்க வேண்டும்.

நான் சிரித்தேன். அவர் மனைவி வாசலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"அவரு வெளாட்டாத்தாங்க பேசுவாரு. தூக்கக் கலக்கத்தோட பேக்டரி மெஷின் பக்கத்துல நின்னா கைய குடுத்துருவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு."

"தகட்ட கழட்டிடுறேன் அண்ணே," என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"வேணாம் தம்பி. தங்கச்சி கண்ண கசக்கிக்கிட்டு தைக்கிறத நானும் பாத்திருக்கேன்."

"மெஷின் சத்தமும் தொந்தரவா இருக்கா அண்ணே?" என்று மனைவி கேட்டார்.

"சத்தமா? அது நின்னாத்தான் முழிப்பு வருது. ராவெல்லாம் சத்தத்துலதானே கெடக்குறேன். வெளிச்சந்தான் பழக்கமில்ல."

அன்றே மனைவி பழைய உரச் சாக்குகளைக் கழுவிக் காயவைத்து ஒன்றாகத் தைத்தார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே அவற்றை நான் இழுத்துக் கட்டினேன். அடுத்த பகல் முழுவதும் அப்பாலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாலையில் அவர் மனைவி மறுபடி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. ஒங்க புது அடுப்புச் சூடு மேல வழியா எங்களுக்கும் வந்துச்சு. மழ நாள்ல ஈரத் துணியெல்லாம் அதுலதான் காஞ்சுச்சு. இப்ப சாக்கு போட்டு அடைச்சிட்டீங்க."

"வாடக கேக்காம சூடு குடுத்திருக்கோமாக்கும்," என்றார் என் மனைவி.

"அதான் ஒங்க கொழம்பு வாசத்த தாங்கிக்கிட்டோமே!"

சாக்கை மறுபடி இறக்கினோம். மனைவி அதன் அடி விளிம்பில் ஒரு மூங்கில் குச்சியை வைத்துத் தைத்து, சுருட்டி ஏற்றக் கயிறு போட்டார். கயிற்றை எந்தப் பக்கம் விடுவது என்று கேட்டேன். "தூங்குறவரு பக்கம்," என்றார்.

அதன்பின் அவர் காலையில் வந்ததும் திரையை இறக்கிவிடுவார். மாலையில் வேலைக்குப் போகும்போது ஏற்றிவிடுவார். எங்கள் அடுப்புச் சூடு அந்தப் பக்கம் போகும்.

அவருடைய ஓய்வு நாள் ஒன்றில் திரை காலையிலேயே மேலே போனது. சீருடைக்கு ஆட்கள் வந்து காத்திருந்த நேரம். மனைவி தலையைத் தூக்காமல், "தூங்கலியா அண்ணே?" என்று கேட்டார்.

"ராவே தூங்கிட்டேன். நீங்க தைங்க," என்றார் அவர். "இந்த வெளிச்சத்துல சவரம் பண்ணா கன்னம் வெட்டுப்படாது."

தையல் மெஷின் ஓடியது. அப்பால் தகரக் குவளையில் சவரக்கத்தியைத் தட்டிக் கழுவும் சத்தம் கேட்டது.