ஹரோவிலிருந்து நாடுகடந்த கொடி

தில்லையம்பலம் இரண்டு முறை அகதியானவர். முதல் முறை யுத்தம் துரத்தியது. பாரிசில் பல வருடம் கோப்பை கழுவி, பிரெஞ்சுக் குடியுரிமையோடு லண்டன் வந்து சேர்ந்தார். இரண்டாம் முறை, ஹரோவில் நடந்த, தன் ஊர்க்காரர் சங்கமான ஊர் ஒன்றியத்தின் தலைவர் தேர்தலில் தோற்று, ஆறு ஆதரவாளர்களுடன் லண்டனின் மறுகோடியிலுள்ள லூயிஷாமுக்குப் புலம்பெயர்ந்தார். முதலாவதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

தோற்றதாக அவர் ஒப்புக்கொள்ளவுமில்லை. குடியுரிமைக்காகப் படித்த சரித்திரத்தில் ஒரு ஜெனரல் அவர் மனத்தில் தங்கியிருந்தார். 1940இல் நாடு நாஜிகளிடம் சரணடைந்தபோது லண்டனுக்கு வந்து, உண்மையான பிரான்ஸ் தன்னோடு வந்துவிட்டது என்ற தோரணையில் நின்றவர். சரணடைந்தவர்களும் அதே மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டதால், ஜெனரலின் இயக்கம் அதன் வெள்ளைப் பட்டையில் சிவப்பு லொரேன் சிலுவையைப் பதித்தது: நிமிர்ந்த கோடு ஒன்று, குறுக்கே இரண்டு.

தில்லையம்பலத்துக்கு வேறென்ன வேண்டும்? ஹரோ ஒன்றியத்தின் மஞ்சள் கொடியை எடுத்தார். நடுவில் அதே சிலுவையைப் போட்டார். 'சுதந்திர ஊர் ஒன்றியம்' பிறந்தது. ஜெனரல் வானொலியில் பேசிய ஜூன் பதினெட்டில் கொடியேற்றம். மண்டபம் நிறைந்தால் ஹரோ நடுங்கும். நிறையாவிட்டால் மனைவி சிவனேஸ்வரி சிரிப்பார். அவர் இன்னும் ஹரோ ஒன்றியத்தில்தான் உறுப்பினர்.

மண்டபம் பிடித்துக் கொடுத்தவர் மேரிறோஸ். ஆறு பேரில் அவர் ஒருவரே கத்தோலிக்கர். மண்டபம் அவருடைய தேவாலயத்தினுடையது. லண்டனில் நம் சைவ விழாக்கள் பல இத்தகைய மண்டபங்களில்தான் நடக்கின்றன. சுவரிலுள்ள சிலுவையைப் பட்டுச் சேலையால் மூடி, முன்னால் பிள்ளையாரை வைத்துவிடுவார்கள். இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. சிலுவையைக் கேட்டவருமில்லை.

ஒத்திகையில் கொடியை விரித்ததும் செயலாளர் சண்முகராசா திடுக்கிட்டார்.

"அண்ணை, சுவரிலை கிடக்கிற சிலுவையைச் சீலையாலை மூடிப்போட்டு, கொடியிலை சிலுவை ஏத்தப் போறியளோ?"

"இது சமயச் சின்னமில்லையடாப்பா. எதிர்ப்பின்ர சின்னம்."

"அதை என்ர மனிசிக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கோ. நான் அங்கால போறன்."

நாஜிகளை எதிர்த்து நின்ற சின்னம் சண்முகராசாவின் மனைவியை எதிர்த்து நிற்கவில்லை. "நிமிர்ந்த கோட்டை எடுத்துப்போட்டுக் குறுக்கை இன்னொண்டு இழுங்கோ. திருநீறு! பிரச்சினை முடிஞ்சுது" என்றார் மனைவி. புதுக் கொடி தைக்கப்பட்டது. மூன்று வெள்ளைக் கோடு, நடுவே சிவப்புப் பொட்டு. பிரான்சின் மிச்சம் அந்தச் சிவப்பு மட்டுமே.

மேரிறோஸ் புதுக் கொடியை விரித்துப் பார்த்தார். "சுவரிலை மூடினியள், பேசாமல் இருந்தன் அண்ணை. கொடியிலையும் அழிச்சுப்போட்டியள். அப்ப பழசு?"

"விருப்பமெண்டால் கொண்டு போங்கோ, தங்கச்சி" என்றார் தலைவர், பெருந்தன்மையாக.

"ஓம், கொண்டு போறன்."

மடித்துக் கைப்பையில் வைத்தார். மண்டபச் சாவியும் அந்தப் பையில்தான் கிடந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஜூன் பதினெட்டு, மழை. தில்லையம்பலமும் சண்முகராசாவும் புதுக் கொடியோடு போனபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஜன்னலால் பார்த்தால் மண்டபம் நிறைந்த சனம். மேரிறோஸின் தேவாலயத் தமிழர் அத்தனை பேரும். மேடையில் பழைய கொடி, இரண்டு குறுக்குக் கோட்டோடு. சுவரில் சேலை இல்லை.

தில்லையம்பலம் தட்டினார்.

"ஆரது?"

"தலைவர்."

"எந்த ஒன்றியத்தின்ர?"

அது அவருக்குப் பழகிய குரல். கதவைத் திறந்தது சிவனேஸ்வரி.

"மேரிறோஸ் கூப்பிட்டவ, வந்தனான். நனையாமல் உள்ளை வாங்கோ. அந்தத் துணியைக் காருக்கை வைச்சிட்டு வாங்கோ."

ஒருபோதும் சரணடைய மாட்டோம் என்று முடியும் உரை தில்லையம்பலத்தின் சட்டைப்பையில் நனைந்துகொண்டிருந்தது. ஆதரவுக்காகச் சண்முகராசாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏற்கெனவே உள்ளே போய் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தில்லையம்பலம் காருக்குப் போய்த் திரும்பி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கொடி ஏறியபோது முதல் ஆளாக எழும்பி நின்றார். என்ன இருந்தாலும் அவர் வரைந்த கொடி.