லில்லிபாய் டீச்சரும் மொட்டு விடாத ஈஸ்ட்டும்

காட்டாக்கடைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது லில்லிபாய் டீச்சரின் மகள் ஷீபா அழைத்தாள். "அம்மா போயாச்சு ஆன்டி. நாளைக்கு பாறசாலை சர்ச்சுல அடக்கம்" என்றாள். "வாறேன்" என்று சொல்லிவிட்டு, மரச்சீனியையும் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். துக்கம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் உயிர்வேதியியல் துறையில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். சென்ற வாரம் அங்கே நடந்த இரங்கல் கூட்டத்தில், "டீச்சர் செய்த ஒரே பிழை அந்த ஈஸ்ட் கட்டுரை. அதையும் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்" என்று ஒருவர் பாராட்டினார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அந்தப் பிழை என்னுடையது. டீச்சரை அறிந்தவர்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈஸ்ட் செல் மொட்டு விட்டுப் பெருகும். அந்த மொட்டு எழும்புவதற்கு ஒரு நொதி முதலில் உத்தரவு கொடுக்க வேண்டும். மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டவைப்பதுதான் அது கொடுக்கும் உத்தரவு. நொதி முடங்கிவிட்டால் செல் சாகாது. பந்து போல உருண்டையாக, மொட்டில்லாமல் அப்படியே நிற்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி டீச்சர் சொல்வார்: "இது மடி பிடிச்சு சோம்பி நிக்கல்ல மக்கா. உத்தரவு கிட்டாத நிக்குதாக்கும்."

எங்களிடம் இருந்த ஈஸ்ட்டில் இந்த நொதி பலவீனமானது. இருபத்தைந்து டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். சூடு ஏறினால் படுத்துவிடும். ஓர் இலைச்சாறு அந்த நொதியைத் தடுக்கிறதா என்பது டீச்சரின் வழிகாட்டலில் நான் செய்த முனைவர் பட்ட ஆய்வு. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் சாறு கலந்த குடுவைகளில் மொட்டே இல்லை. கட்டுரை வெளிவந்தது. நான் துறை முழுவதற்கும் லட்டு கொடுத்தேன்.

ஒரு சித்திரை மாதப் பகலில் ஸ்லைடுப் பெட்டியை எடுக்க டீச்சர் ஃபிரிட்ஜின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "நீ சாறு கலந்தத எங்க வச்சே?" என்று கேட்டார். இருபத்தைந்து டிகிரியில் வைத்திருந்த இன்குபேட்டர் சிறியது, பாதிக் குடுவைகளுக்குத்தான் இடம் இருக்கும். சாறு கலக்காதவற்றை அதற்குள்ளும், கலந்தவற்றை ஃபிரிட்ஜின் மேலும் வைத்திருந்தேன். வீட்டில் ஆப்பமாவை அங்கேதான் வைப்பேன். கதகதப்பில் நன்றாகப் பொங்கும். எனக்கு வேண்டிய குடுவைகளுக்கு நல்ல இடம் கொடுத்ததாகத்தான் நினைப்பு. இது சூடு தாங்காத ஈஸ்ட் என்பதைக் கை மறந்துவிட்டது.

டீச்சர் சோதனையை மறுபடி தொடங்கி, குடுவைகளை இடம் மாற்றி வைத்தார். மாலையில் பார்த்தால், சாறு கலந்தவை மொட்டு விட்டிருந்தன. கலக்காதவை உருண்டையாக நின்றன. "இலைக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. சூடு பாத்த சோலியாக்கும்" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக, ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு இதழுக்கு எழுதலாம் என்று கெஞ்சினேன். அவர் அன்றே எழுதினார், பிழையைத் தன் பெயரில் ஏற்று. "வச்சது நீ. பாக்காத ஒப்பு போட்டது நானாக்கும்" என்றார். எனக்கு இரண்டு ஆண்டுகள் வீணாயின. பல மாதம் நான் அவரோடு பேசவில்லை. டீச்சரின் பிழையால் பாதிக்கப்பட்டவள் என்று துறையே என்மேல் இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தை நான் மறுக்கவில்லை. புதிய ஆய்வுக்கு வேண்டிய செல்களை எண்ண, பேசாத என் பக்கத்திலேயே அவர் தினமும் வந்து உட்கார்ந்தார்.

பின்னாளில் ஒருமுறை, "எல்லாரும் உங்களயே சொல்லுது டீச்சர்" என்றேன்.

"சொல்லட்டு மக்கா. உனக்குத் தோணும்போ நீ சொல்லு."

எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

அடக்கம் முடிந்ததும் ஷீபா ஒரு பழைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தாள். அம்மா என்னிடம் கொடுக்கச் சொன்னாராம். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அந்த மூன்று சோதனைகளின் பக்கங்களிலும் குடுவைகள் இருந்த இடத்தைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. செய்தவர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்.

இன்று காலை மூன்று இடத்திலும் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் இன்றைய தேதியையே போட்டேன். பழைய தேதி போட்டால் டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார்.